மரிக்கொழுந்துப் பாசி

காலை ஒன்பது மணிக்குள் பதினாறு டப்பாக்கள்.
மூடியில் பெயர், வயது, ஊர்:
தொண்டி, வாலிநோக்கம், முந்தல், தேவிபட்டினம்.
இருபத்தாறு வருடமாக
இந்த மாவட்டத்தின் கடற்கரையை நான்
சளியாகத்தான் பார்த்துவருகிறேன்.

எச்சில் துப்பிக் கொடுத்தால் திருப்பி அனுப்புவோம்.
"அடியிலேர்ந்து அண்ணே, நெஞ்சுக்கு அடியிலேர்ந்து."
சந்தியாகு இதை வாசலில்
நாளுக்கு இருபது தடவை சொல்கிறார்,
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு.

நம்புராணி, நாற்பத்து மூன்று, சின்னப்பாலம்.
சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை.
விரல்களில் துணிச்சுற்று அவிழ்ந்த தடம்.
ஏழு மாதமாகக் காசநோய் மாத்திரை.
ஸ்லைடில் ஒரு கிருமிகூட இல்லை,
இயந்திரமும் இல்லையென்றுதான் சொன்னது,
எக்ஸ்ரேயில் மட்டும் மேலே ஓர் ஓட்டை.
மெலிந்துகொண்டே போனார்.
மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று
அட்டையில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"முன்னெல்லாம் ஒரு முங்குக்கு அறுபது எண்ணுவேன்.
இப்ப இருபதுக்குள்ள மேல வந்துர்றேன்.
கடலுக்குள்ள இருமவா முடியும்?"

இதைவிடத் துல்லியமான மூச்சுப் பரிசோதனை
அன்று எங்கள் மருத்துவமனையில் இல்லை.

ரத்த அகாரில் விதைத்தேன்.
முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் ஊசிமுனைப் புள்ளிகள்.
கலப்படம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
பன்னிரண்டு வருடம் முன்பு
அப்படி எழுதி ஒரு கொத்தனாரை இழந்திருக்கிறேன்.
மூடிவிட்டேன்.

நான்காம் நாள் அவை சுருங்கி, மடிந்து
வெயிலில் காயப்போட்ட பாசி மாதிரிக் கிடந்தன.
சாயமேற்றினால் இளஞ்சிவப்புக் குச்சிகள்,
இரு முனையிலும் மட்டும் அடர்நிறம்.
ஊக்கு போல என்று புத்தகத்தில் இருக்கும்.
நம்புராணியின் சட்டையில் பித்தானுக்குப் பதில்
மூன்று ஊக்குகள் இருந்தது நினைவுக்கு வந்தது,
நோயறிதலுக்கு அது தேவையில்லை என்றாலும்.

மண்வாசனை அடிக்குமாம் இந்தக் கிருமி.
நான் முகர்ந்ததில்லை.
முகர்ந்து பார்த்த தலைமுறையில் சிலர்
மேசையிலிருந்து நேராகப் படுக்கைக்குப் போனார்கள்.
ஐப்பசி மழையில் வீட்டுக்குள் நின்ற தண்ணீர்,
சர்க்கரை ஏறிய உடம்பு,
காலில் ஆறாத சிப்பி வெட்டு.
காசநோயின் சட்டையை மாட்டிக்கொண்டு
உள்ளே உட்கார்ந்திருந்தது வேறொன்று.

மெலியாய்டோசிஸ். மருந்தை மாற்றுங்கள். இன்றைக்கே.
வார்டுக்குப் போனில் இவ்வளவுதான்.
என் உத்தியோகத்தின் மொத்தப் பேச்சையும்
ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

மிச்சமெல்லாம் ஜன்னல்.
திறந்து வையுங்கள், திறந்து வையுங்கள் என்பது.
கச்சான் காற்றில் சோற்றில் மணல் விழுமென்று
சாத்தியே வைத்திருக்கும் ஊர்களில்
எதிர்க்காற்றில் தண்டு வலிப்பதுபோல்
வீடு வீடாக.
கருவாட்டுக் கொட்டகை ஒன்றில்
ஓலைத் தடுப்பையே பிரித்துக் காட்டினேன்.
மூன்று ஊர்களில் திறந்தார்கள்.
இரண்டில், என் ஜீப் திரும்பியதும் மூடினார்கள்.

மாசியில் வந்தார் நம்புராணி, அதே சட்டை.
முப்பத்தைந்து எண்ண முடிகிறதாம்.
தன் கிருமி வளர்ந்த தட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.
அவித்துக் கொன்று எரித்தாயிற்று என்றேன்.
வெறும் தட்டொன்றை எடுத்துக் காட்டினேன்:
இது அகார், கடல்பாசியிலிருந்து எடுப்பது.

"மரிக்கொழுந்துப் பாசியா?"

இருக்கலாம்.
எந்தக் கடல் என்று போத்தலில் போடவில்லை.

"நாங்க பறிச்சதத் தின்னுதான் அது வளந்துச்சா?"

சிரிப்பதா வேண்டாமா என்று
என் முகத்தைப் பார்த்தார்.
அகார் தூள் போத்தலைத் தூக்கிக்
கையாலேயே எடை பார்த்தார்.
அரைக்கிலோ. சரியாகச் சொன்னார்.

"இது என்ன வெல?"

சொன்னேன்.

உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார்,
ஒரு முங்கு நேரம்.
வெளியே சந்தியாகு யாரிடமோ
எச்சில் இல்லம்மா, சளி என்றார்.